நேபாளத்தில் பாலினச் சமத்துவப் பணி: தன்னார்வலராகச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேபாளத்தின் மேற்கு மலைகளில், மாதவிடாய் நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்து நிற்கவும் இடம் போதாத சிறு குடிசையில் தங்கவைக்கும் வழக்கத்துக்குச் சௌபடி என்று பெயர். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் அதைத் தடை செய்தது. ஒரு பெண்ணை அவ்வாறு ஒதுக்கிவைப்பவருக்கு மூன்று மாதச் சிறை, அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கும் சட்டம் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், கஜா புயல் கரை கடந்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், பூப்பெய்தியதற்காகத் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து விழுந்து இறந்தாள்.

இவ்விரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க முடிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நேபாளத்தில் பாலினச் சமத்துவத்துக்காக அந்நாட்டு இளைஞர்களே பல ஆண்டுகளாக நடத்திவரும் பிரசாரங்களில், வெளிநாட்டிலிருந்து வரும் தன்னார்வலருக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம், எதுவும் அறியாத மக்களுக்கு அறிவு புகட்ட வந்தவருக்கு உரியது அன்று. நம் வீட்டிலும் இதே நோய் இருக்கிறது, நாங்கள் அதை இப்படி எதிர்கொள்கிறோம், நீங்கள் எப்படி எதிர்கொள்கிறீர்கள் என்று கேட்டு வருபவருக்கு உரியது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஓர் இளைஞரால் அத்தனை எளிதாகச் சொல்ல முடியாத இந்தச் சொல்லைத் தமிழர்களாகிய நம்மால் உண்மையாகவே சொல்ல முடியும். நேபாளியில் மாதவிடாய் வந்ததை நேரடியாகச் சொல்லக் கூசும் பெண்கள் ‘பர சரேக்கோ’ என்கிறார்கள். விலகித் தள்ளி இருப்பது என்பது அதன் பொருள். நம் வீடுகளில் ‘தூரம்’ என்றும் ‘வீட்டு விலக்கு’ என்றும் சொல்லிவருவது இதைத்தான்.

எந்தப் பணி, எந்தப் பகுதி

நேபாளம் முழுவதற்கும் ஒரே சிக்கல் என்று எண்ணிக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே தடுமாற வேண்டியிருக்கும். சௌபடி பெரிதும் கர்ணாலி, சுதூர்பஸ்சிம் ஆகிய இரு மாகாணங்களின் மலை மாவட்டங்களான அச்சாம், டோட்டி, பாஜுரா, காலிகோட், தைலேக் போன்ற இடங்களுக்கு உரியது. ஷெர்பா, தமாங் போன்ற இனத்தவரிடையே அத்தகைய கடுமை இல்லை. இந்திய எல்லையை ஒட்டிய தெற்குச் சமவெளியான மதேஸில் முன்னிற்பவை வரதட்சணையும் குழந்தைத் திருமணமும். எல்லையோர நகரங்களில் பெண் கடத்தல் பெரும் கவலை. 1993-இல் அனுராதா கோய்ராலா தொடங்கிய மைத்தி நேபாள் என்னும் அமைப்பு இந்தக் கடத்தலை எதிர்த்தே வளர்ந்தது. ‘மைத்தி’ என்றால் மணமான பெண்ணின் பிறந்தகம். மீண்டு வரும் பெண்ணுக்குத் தாய்வீடாக இருப்போம் என்ற உறுதியை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

குழந்தைத் திருமணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகச் செல்பவர்கள் மிகுதியாகத் தவறிப் புரிந்துகொள்வது இதைத்தான். நேபாளச் சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமண வயது 20. இருந்தும், இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருப்பதை அந்நாட்டு மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பெற்றோர் வற்புறுத்தி நடத்துவது மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் கருதிவிடுகிறோம். மதேஸில் பெண்ணின் வயதும் படிப்பும் ஏற ஏற மணமகன் வீட்டார் கேட்கும் தொகையும் ஏறுவதால் ஏழைப் பெற்றோர் அவசரப்படுவது உண்மைதான். ஆனால் மலைப் பகுதிகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே வீட்டை விட்டு ஓடிச் சேர்ந்துகொள்வதும் பெருமளவில் நடக்கிறது. வீட்டு வேலைச் சுமை, பள்ளியில் ஆர்வமின்மை, காதல் தெரிந்துவிட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் எல்லாம் அதன் பின்னால் உள்ளன. அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சட்டப் பிரிவை மட்டும் ஒப்பித்தால், சட்டம் தங்களைச் சிறைக்கு அனுப்பும் என்று பயந்து அவர்கள் மேலும் மறைவார்களே தவிர, ஒரு திருமணமும் தள்ளிப் போகாது.

முதன்முறை செல்பவர்கள் காத்மாண்டு பள்ளத்தாக்கிலோ, பொக்கராவிலோ, சுர்கேத் மாவட்டத்தின் பீரேந்திரநகரிலோ இயங்கும் இளைஞர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து உள்ளூர் ஊழியர்களோடு மலைக் கிராமங்களுக்குச் சென்றுவருவது நல்லது. நேராக அச்சாமுக்குப் போய் இறங்க வேண்டும் என்ற ஆவலைச் சற்றே அடக்கிவைக்க வேண்டும்.

அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

நேபாளத்தில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்; வெளிநாட்டு உதவி பெறுபவை சமாஜ் கல்யாண் பரிஷத் என்னும் சமூக நல மன்றத்தின் கீழ் வர வேண்டும். இவ்விரு பதிவுகளையும் கேளுங்கள். நேர்மையான அமைப்பு கோபித்துக்கொள்ளாது. மாணவர்களே நடத்தும் அய்செக் போன்ற உலகளாவிய அமைப்புகள், ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவதான பாலினச் சமத்துவத்தின் பெயரில் ஆறு முதல் எட்டு வாரத் திட்டங்களை நடத்துகின்றன. அவற்றில் கட்டணம் உண்டு. கட்டணம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் எவ்வளவு தங்குமிடத்துக்கும் உணவுக்கும், எவ்வளவு உள்ளூர் அமைப்புக்குச் சேர்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று உள்ளன. பிரசாரத்தைத் திட்டமிடுவது யார், உள்ளூர் இளம்பெண்களா அல்லது வந்துபோகும் வெளியாட்களா? உங்களுக்கு முன் வந்த தன்னார்வலர் விட்டுச்சென்ற வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? குழந்தைகளோடு பணியாற்றுபவரின் பின்னணியை அமைப்பு விசாரிக்கிறதா? உங்களிடம் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்காமலே, பணம் கட்டியவுடன் பள்ளிக்குள் விட்டுவிடும் அமைப்பு, வேறு யாரையும் அப்படித்தான் விட்டிருக்கும்.

அநாதை இல்லத்தில் சில நாள் தங்கிப் பெண் குழந்தைகளுக்குச் சேவை செய்யலாம் என்று அழைக்கும் திட்டங்களை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். நல்ல படிப்பு தருவதாகச் சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, போலிச் சான்றுகளால் அநாதைகளாக்கி, வெளிநாட்டினரின் இரக்கத்தை வருமானமாக்கும் தொழில் அங்கே பல ஆண்டுகளாக அம்பலமாகி வருகிறது. நம் பரிவே அந்தத் தொழிலுக்கு முதலீடாகிவிடுகிறது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அனுமதி விஷயத்தில் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை; விமானத்தில் செல்வோருக்குக் கடவுச்சீட்டோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டையோ போதும், ஆதார் அட்டை போதாது. மற்ற நாட்டினர், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் உட்பட, சுற்றுலா விசாவில் சென்று பணியாற்றுவது, சம்பளமில்லாப் பணியானாலும், நேபாளக் குடிவரவு விதிகளுக்கு எதிரானது. ‘எல்லோரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்’ என்று சொல்லும் அமைப்பை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காமல், உரிய விசாவுக்கு அவர்களே பொறுப்பேற்று ஏற்பாடு செய்கிறார்களா என்று பாருங்கள்.

எப்போது செல்வது

நேபாளத்தில் புழங்குவது விக்ரம் நாட்காட்டி. ஆண்டெண் நம்முடையதைவிட ஏறத்தாழ 57 கூடுதல். அமைப்பு அனுப்பும் கடிதத்தில் தேதி எந்த நாட்காட்டியில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறன்று பள்ளிகள் நடக்கும். கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், மலைப்பாதைகள் சரியும். அதையடுத்துத் தசைன், திஹார் பண்டிகைகள் வருவதால் பள்ளிகள் நீண்ட விடுமுறையில் இருக்கும்.

ஆகவே திஹார் முடிந்த பின் நவம்பரில் சென்று சேர்வதே மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. வானம் தெளிந்திருக்கும், பள்ளிகள் திறந்திருக்கும், அத்துடன் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் இயக்கம் நவம்பர் 25-இல் தொடங்கி டிசம்பர் 10 வரை நடக்கும். நேபாளத்தில் அந்த நாட்களை ஊராட்சிகள், பள்ளிகள், இளைஞர் மன்றங்கள் எல்லாம் ஊர்வலங்களோடும் நாடகங்களோடும் நடத்துகின்றன. அதனிடையே டிசம்பர் 8-ஆம் நாளைக் கண்ணியமான மாதவிடாய்க்கான நாளாக ராதா பௌடேல் என்னும் நேபாளச் செயற்பாட்டாளர் முன்னெடுத்துவருகிறார். ஆறு வாரத்துக்குக் குறைவாகப் போவதில் பயன் குறைவு. முதல் இரண்டு வாரங்கள் மொழிக்கும் முகங்களுக்கும் பழகவே சரியாகப் போய்விடும்.

ரயிலில் கோரக்பூர் வரை சென்று, அங்கிருந்து சுனௌலி எல்லை வழியாகப் பைரஹவாவை அடையலாம். மதேஸ் பணிக்குச் செல்வோருக்குப் பீகாரின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூருக்கு 2022 முதல் ரயில் ஓடுகிறது. மேற்கே செல்வோர் ரூபைதியா எல்லை கடந்து நேபாள்கஞ்ச் வழியாகச் சுர்கேத் போகலாம். நேபாளக் கடிகாரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம்.

மொழியும் முறைவைத்து அழைப்பதும்

நேபாளியைத் தேவநாகரி எழுத்தில் எழுதுகிறார்கள். இந்தி அறிந்தவர்களுக்குக் கைகொடுக்கும் என்றாலும், இந்தியிலேயே பேசிக்கொண்டிருப்பதைப் பலர் விரும்புவதில்லை. எல்லாவற்றையும் இந்தியாவின் கண்ணால் பார்க்கிறார்கள் என்ற வருத்தம் அங்கே ஆழமாக இருக்கிறது. அந்த வருத்தத்தைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. கிளம்புமுன் ஒரு நூறு சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

நம்மைப் போலவே அவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட முறைவைத்து அழைப்பதையே விரும்புகிறார்கள். அக்காவுக்குத் தீதி, தங்கைக்குப் பஹினி, அண்ணனுக்குத் தாஜு, தம்பிக்குப் பாய், அம்மாவுக்கு ஆமா. நம் காதில் சம்மதம் சொல்வது போல விழும் இந்த ‘ஆமா’, அறிமுகமில்லாத முதிய பெண்ணையும் அன்போடு அழைக்கப் பயன்படும். ‘தபாயி’ என்பது நம் ‘நீங்கள்’, ‘திமி’ என்பது ‘நீ’. பள்ளிப் பிள்ளைகளிடமும் ‘தபாயி’ என்றே பேசத் தொடங்குவது நல்லது, ஏனெனில் மருமகளையும் தலித் பிள்ளைகளையும் மட்டும் தாழ்ந்த முன்னிலையில் விளிக்கும் வழக்கத்தை எதிர்த்தே நீங்கள் பேசப் போகிறீர்கள். ‘கானா கானு பயோ?’, அதாவது சாப்பிட்டாயிற்றா என்பதே நலம் விசாரிக்கும் சொல். மாதவிடாய்க்கு ‘மஹினாவாரி’ என்ற நேரான சொல்லைப் பயன்படுத்துங்கள். தொடத்தகாதவள் என்று பொருள்படும் ‘நசுனே’ என்ற சொல்லை உள்ளூர்ப் பெண்கள் தங்களைப் பற்றிச் சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

களத்தில் செய்யவேண்டியது

சென்று சேர்ந்த முதல் வாரத்தில் ஊராட்சி அல்லது நகராட்சியின் துணைத் தலைவரைச் சந்தித்து வணக்கம் சொல்லிவிடுங்கள். இது வெறும் மரியாதைக்காக அன்று. 2017 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து, தலைவர், துணைத் தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் வேட்பாளரை நிறுத்தும் கட்சி அவர்களில் ஒருவரையாவது பெண்ணாக நிறுத்த வேண்டும் என்பது விதி. கட்சிகள் பெரும்பாலும் இரண்டாம் இடத்தையே பெண்ணுக்குக் கொடுத்ததால், 753 உள்ளாட்சிகளில் மிகப் பலவற்றில் துணைத் தலைவர் பெண். குடும்பத் தகராறுகளையும் விசாரிக்கும் உள்ளூர் நீதிக்குழுவின் தலைமை அவரிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் நான்கு உறுப்பினர்களில் இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். கையெழுத்துப் போடத் தெரியாமல் உள்ளே வந்து, ஐந்தாண்டில் கூட்டங்களை நடத்தக் கற்றுக்கொண்ட பெண்கள் இந்த வரிசையில் உள்ளனர். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏராளம்.

அடுத்து, 1988 முதல் நாடெங்கும் இயங்கும் பெண் சமுதாயச் சுகாதாரத் தொண்டர்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தப் பெண்களுக்குத் தத்தம் ஊரில் எந்த வீட்டில் எந்தப் பெண் எத்தனையாவது மாதம் என்பது வரை தெரியும். அவர்கள் துணையின்றி ஒரு கிராமத்தில் மாதவிடாய் பற்றிப் பேசத் தொடங்குவது, கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம்.

குடிசைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. 2019 டிசம்பரில் அச்சாமில் ஓர் இளம்பெண் சௌபடிக் குடிசையில், குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் மூச்சுத்திணறி இறந்தார். அதற்காக அவருடைய கணவரின் சகோதரர் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து அரசு நிர்வாகமும் காவல்துறையும் மேற்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடிசைகளை இடித்தன. குடிசை போயிற்று, தீட்டு என்ற எண்ணம் போகவில்லை. இடித்த பிறகு சில பெண்கள் மாட்டுத் தொழுவத்திலும், தகரக் கொட்டகையிலும், திறந்த வெளியிலும் படுத்தார்கள். தான் வீட்டில் படுத்தால் வீட்டுத் தெய்வம் சினந்து, மாடு இறக்கும், மாமனார் நோயில் விழுவார் என்று அந்தப் பெண்ணே நடுங்கும்போது, சுவரை இடிப்பது அவளுக்குக் கூரையில்லாமல் செய்வதாகவே முடிகிறது.

ஆகவே பள்ளியில் நீங்கள் நடத்தும் வகுப்பில் அறிவியல் விளக்கம் அவசியம்தான், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். மாமியாரிடமும், தாமி, ஜாங்கிரி என்றழைக்கப்படும் சாமியாடிகளிடமும், உள்ளூர்ப் பூசாரியிடமும் பேச வேண்டும். பேசுவது உள்ளூர் இளைஞராகவே இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். உங்கள் முறை வரும்போது உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். என் பாட்டி அந்த மூன்று நாட்களும் பின்கட்டு மூலையில், தனித்தட்டும் தனிப்பாயுமாக இருந்தார். என் அம்மா அந்த மூலைக்குப் போக மறுத்தார். மறுத்த பிறகும் வீட்டுக் கூரை இடிந்துவிடவில்லை. இதைப் போன்ற ஒரு கதை, சுவரொட்டி பத்துக்குச் சமம். அங்கிருந்து ஒரு பெண், ‘உங்கள் ஊரிலுமா?’ என்று வியந்து கேட்டால், உங்கள் பணி அந்த இடத்தில் தொடங்கிவிட்டது. நேபாள அரசு அரசுப் பள்ளி மாணவியருக்கு இலவச அணையாடை வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. அது உங்கள் பள்ளிக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா, கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ளனவா, பயன்படுத்தியதை எங்கே போடுகிறார்கள் என்று மாணவியரையே கணக்கெடுக்கச் செய்து, அந்தக் கணக்கைத் துணைத் தலைவரிடம் அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். மலிவு விலை அணையாடை இயந்திரத்தை உருவாக்கிய கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதையைச் சொன்னால் பையன்களும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

நேபாளப் பள்ளிகளில் ‘பால் கிளப்’ எனப்படும் சிறுவர் மன்றங்கள் பரவலாக உள்ளன. அவற்றோடு சேர்ந்து செய்யச் சிறந்தது நாடகம். ‘சடக் நாடக்’ என்னும் தெருநாடக மரபு அங்கே 1980-களிலிருந்து, அரசர்களின் ஆட்சியை எதிர்த்த காலத்திலேயே வேரூன்றியது. அதன் ஒரு வகைக்குக் ‘கச்சஹரி நாடகம்’ என்று பெயர். சிக்கலை நடித்துக்காட்டி, முடிவுக்கு முன் நிறுத்திவிட்டு, பார்ப்பவர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்து, அந்த மருமகளின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நடித்துக்காட்டச் சொல்வார்கள். கச்சஹரி என்றால் வழக்கு விசாரிக்கும் மன்றம். நம் மொழியில் தாலுகாக் கச்சேரி என்று சொன்னதும் இதே சொல்தான். வசனம் எழுதுவதும் நடிப்பதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உரியவை. விரிப்பைச் சுமப்பது, ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது, பயணச் செலவைக் கணக்கெழுதுவது போன்ற வேலைகளை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவர்களுக்கு ஒத்திகைக்கு நேரம் கிடைக்கும்.

ஆண் தன்னார்வலர்கள் மாணவர்களோடும் அண்ணன் தம்பியரோடும் பேசும் பொறுப்பை ஏற்க வேண்டும், ஏனெனில் கறை பட்ட பாவாடையைப் பார்த்துச் சிரிப்பது வகுப்பறையின் அந்தப் பக்கத்திலிருந்துதான். மலைக் கிராமங்களில் ஆண்கள் பலர் இந்தியாவிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போய்விட்டதால், நெற்றிப்பட்டையில் தொங்கும் டோகோ என்னும் கூடையில் விறகும் புல்லும் சுமப்பது பெண்களே. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவுக் காவல் இருக்கும் நேபாளத் தம்பிகளில் பலருடைய தாயும் மனைவியும் இப்படித்தான் சுமந்துகொண்டிருக்கிறார்கள். தங்கும் வீட்டில் உங்கள் தட்டை நீங்களே கழுவி, தண்ணீர் எடுக்க உடன் போங்கள். அதை யாரும் கவனிக்க வேண்டும் என்று எதிர்பாராதீர்கள்.

ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த கொடுமையை உங்களிடம் சொல்லிவிட்டால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, தேசிய மகளிர் ஆணையத்தின் உதவி எண் 1145, காவல்துறை 100. குடிசையில் இருக்கும் பெண்ணைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

தங்கும் வீடும் ஊரும்

காலை ஒன்பது, பத்து மணிக்கு ஒருமுறை, இரவு ஒருமுறை என்று இருவேளை பருப்பும் சோறும் கறியும் சாப்பிடுவதே கிராமத்து வழக்கம். இடையில் ‘காஜா’ என்னும் சிற்றுண்டியாக அவலோ மோமோவோ கிடைக்கும். புளிக்கவைத்து உலர்த்திய கீரையான குந்துருக், கேழ்வரகிலோ சோளத்திலோ கிண்டிய களியான திண்டோ ஆகியவை நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். எச்சில் பட்டதற்கு ‘ஜூட்டோ’ என்று பெயர். நம் வீட்டு எச்சில் கட்டுப்பாடுகள் எல்லாம் அங்கேயும் உண்டு. சில வீடுகளில் வெளியாட்கள் அடுப்படிக்குள் போகக் கூடாது, கேட்டுவிட்டே நுழைய வேண்டும்.

தங்கும் வீட்டில் இருக்கும்போது உங்களுக்கே மாதவிடாய் வந்தால் என்ன செய்வது? பெண் தன்னார்வலர் பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கிளம்புமுன்னரே அமைப்பின் பெண் ஒருங்கிணைப்பாளரிடம் இதைப் பேசி, தனிக்குடிசையிலோ தொழுவத்திலோ படுக்க மாட்டேன் என்பதை வீட்டாருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். சில நாள் அடுப்படிக்கும் பூசையறைக்கும் வர வேண்டாம் என்ற அளவில் அவர்கள் கேட்டால், விருந்தினர் என்ற முறையில் அதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மறைத்துப் பொய் சொல்ல வேண்டாம். பிறகு தெரியவந்தால் வீட்டார் மனம் உடைவதோடு, இனிமேல் வரும் தன்னார்வலரையும் அந்த வீடு நம்பாது. அந்த நாட்களில் வீட்டு மருமகளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சு, வகுப்பறையில் என்றும் கிடைக்காது.

விடுமுறை நாட்களில் ஊரைச் சுற்றுவதும் இந்தப் பணியின் ஒரு பகுதியே. காத்மாண்டுவில் பௌத்தா தூபிக்குச் செல்லும் வழியில், 1993-இல் எவரெஸ்ட் சிகரத்தைத் தொட்ட முதல் நேபாளப் பெண்ணான பாசாங் லாமு ஷெர்பாவின் சிலை நிற்கிறது; இறங்கும் வழியில் அவர் உயிரிழந்தார். பசந்தபூரில் குமாரி என்னும் வாழும் தேவியின் மாளிகையைக் காணலாம். பூப்பெய்தியதும் அந்தச் சிறுமி தேவி நிலையிலிருந்து விலக்கப்படுகிறாள். நேவார் இனத்தவர் பெண் குழந்தைக்கு முதலில் வில்வக்காயோடு திருமணம் செய்துவைப்பார்கள். பின்னர் பன்னிரண்டு நாள் வெயில் படாத அறையில் வைத்து, கடைசியில் சூரியனைக் காட்டுவார்கள். நம் மஞ்சள் நீராட்டு விழாவை அறிந்தவர் அதைப் பார்த்து எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும் தீஜ் பண்டிகையில் சிவப்புப் புடவை உடுத்திய பெண்கள் பசுபதிநாதர் கோயிலில் கூடுகிறார்கள். கணவனுக்காக இருக்கும் நோன்பு அது என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தில், மாமியார் கொடுமையையும் குடிகாரக் கணவனையும் அரசியல்வாதியையும் பெண்கள் பாட்டுக் கட்டிப் பாடி ஆடும் உரிமை பெற்ற நாளும் அதுவே. அடுத்து வரும் ரிஷி பஞ்சமியில், மாதவிடாய்க் காலத்தில் அறியாமல் செய்த ‘பாவம்’ தீரக் குளிக்கிறார்கள். இவ்விரு நாட்களையும் அருகருகே பார்ப்பவருக்கு நேபாளப் பெண்ணின் நிலை பற்றிய பல நூல்கள் படித்த தெளிவு கிடைக்கும். ஜனக்பூரில் 1989 முதல் இயங்கும் பெண்கள் மேம்பாட்டு மையத்தில், முன்பு மண்சுவரில் வரைந்த மிதிலை ஓவியங்களைப் பெண்கள் இப்போது தாளில் வரைந்து விற்று வருமானம் பெறுகிறார்கள். மலையேற விரும்புவோர் பொக்கராவில் பெண் வழிகாட்டிகளைக் கேட்டு அமர்த்திக்கொள்ளலாம். 2023 முதல் பெரும்பாலான மலைப்பாதைகளுக்கு வழிகாட்டி கட்டாயம்.

யோகமாயா நியூபானேயின் பெயரையும் அங்கே கேட்பீர்கள். கிழக்கே போஜ்பூரைச் சேர்ந்த அவர் அன்று நாட்டை ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சியையும் சாதிக் கொடுமையையும் எதிர்த்துப் பாடி, 1941-இல் தம்மைப் பின்பற்றிய 67 பேரோடு அருண் ஆற்றில் இறங்கி உயிர்நீத்தார். நேபாளப் பெண்களுக்கு உரிமை கேட்கக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. வித்யா தேவி பண்டாரி 2015-இல் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனார். 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியான சுசீலா கார்கியே, 2025 செப்டம்பரில் இளைஞர் எழுச்சி அரசைக் கவிழ்த்த பின் இடைக்காலப் பிரதமர் பொறுப்பேற்றார். அதே நாட்டில், நேபாளத் தாய் வெளிநாட்டவரை மணந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பது தந்தைவழியைப் போல் எளிதாக இல்லை. இதைப் பற்றி நண்பர்கள் பேசும்போது கேளுங்கள். ஆனால் அரசியல் ஊர்வலங்களில் கலந்துகொள்ளாதீர்கள். ஊரடங்கு வந்தால் நீங்கள் இருக்கும் வீட்டாருக்கே முதல் தொல்லை.

மலைப்பாதையில் இரவுப் பேருந்தைத் தவிருங்கள். கொதிக்கவைத்த நீரைக் குடியுங்கள். மேற்கு மலைகளில் டிசம்பர் குளிர் கடுமையானது, கம்பளியும் ஓஆர்எஸ் பொட்டலங்களும் கைவிளக்கும் எடுத்துச்செல்லுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

கடைசி வாரத்தை ஒப்படைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். நீங்கள் வைத்திருந்த கணக்குகள், தொடர்பு விவரங்கள், நாடகத்தின் எழுத்துப்படி எல்லாவற்றையும் நேபாளியில் எழுதுவித்துப் பால் கிளப்பின் செயலாளரிடம் கொடுத்து, அவர் அதை ஒருமுறை உங்கள் எதிரில் நடத்திக்காட்டச் சொல்லுங்கள். புறப்படும் நாளில் தங்கிய வீட்டு ஆமா நெற்றியில் டீக்கா இட்டு, பூமாலை போட்டு, வழிக்குச் சேல் ரொட்டி என்னும் வளைய வடிவப் பலகாரம் கட்டிக்கொடுப்பார். அடுத்த வீட்டுத் தீதிகளும் ஒவ்வொருவராக வருவார்கள். காலை முதல் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.